நான்காவது சீட்டு

அம்பத்தூரில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். நல்லவிதமாக எழுதலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. எப்படி வருகிறதோ அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன். தெருவில் சின்னவர்களுக்கு அவர் அத்தை, பெரியவர்களுக்கு அக்கா. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக்காரி.

நகரத்தில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில், பழைய பதிவேடுகள் அடுக்கிவைத்த அறையில் அவருக்கு வேலை. புருஷன் அங்கே குமாஸ்தாவாக இருந்து இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்தது. காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் போவார், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவார். பையில் சாப்பாட்டு டப்பாவோடு கைக்குட்டையில் சுற்றிய ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் பேரேடுகளைப் புரட்டிப் புரட்டி நக இடுக்கில் செம்பழுப்பாக ஒரு தூசி ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகவில்லை என்று சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

புதிதாக யாரைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேட்பார். பேர் இன்னா, அப்பா பேர் இன்னா, எந்த ஊரு, ஒடம்புல மச்சமோ வடுவோ எங்க கீது. முதல் மூன்றும் யாரும் கேட்பதுதான். நான்காவதில் வந்தவர்கள் முழிப்பார்கள். பேரை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்து விடுகிற ஆள் தன் பேரை ஒழுங்காகச் சொல்ல மாட்டார். சொன்னாலும் எழுதுகிறவர் காதில் எது விழுந்ததோ அதுதான் பேர். ஊரும் அப்படித்தான், எங்கே பிடிபட்டாரோ அந்த ஸ்டேஷன் பேரைப் போட்டுவிடுவார்கள். உடம்பில் இருக்கிற அடையாளம் மட்டும்தான் மாறாது. எங்கள் பள்ளிச் சான்றிதழ்களை வாங்கினால் எல்லோரும் மார்க்கைப் பார்ப்பார்கள், அவர் அங்க அடையாளங்கள் என்ற இடத்தைப் பார்ப்பார். எனக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் உண்டு. என் பேர் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான், மச்சம் ஞாபகம் இருந்தது.

யாராவது தெரியாது என்று சொன்னால் அவருக்கு ஆகாது. தாத்தா எப்போது செத்தார் என்று கேட்டு நாம் தெரியாது என்றால் ஏதோ அழுக்கைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். "ஆளு காத்துல கரைஞ்சா பூடுவான்? எங்கனா ஒரு வரி எழுதி வச்சிருப்பான், தேடணும்" என்பார்.

தேடவும் செய்வார். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாயின் அப்பா, பாய் சிறுவனாக இருந்தபோதே புத்தி பிசகி வீட்டை விட்டுப் போனவர். இறந்த நாள் தெரியாததால், அவர் கிளம்பிப்போன நாளிலேயே நாற்பது வருஷமாகப் பாத்திஹா ஓதிவந்தார்கள். அத்தை இரண்டு மாதம் தேடினார். கிழிந்த காதுமடலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, இறந்த நாளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். பாய் எங்கள் தெருவிலேயே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அழுதார். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் அத்தை வீட்டுக்கு ஒரு தூக்கு பிரியாணி வரும், அவர் எங்களுக்கெல்லாம் பங்கு போடுவார். அதை நானும் ருசித்துச் சாப்பிட்டவள்தான். அதனால் அவரை முழுசாகத் திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை.

அதே கையால்தான் இன்னொன்றும் செய்தார். சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. வந்த வாரமே அத்தை அந்த வீட்டுப் பெண்ணிடம் நான்கு கேள்வியையும் கேட்டு வைத்துக்கொண்டார். அதை வைத்து ஆஸ்பத்திரி ஏட்டில் அவள் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த மாதம் தண்ணீர் லாரிக்கு முப்பது பேர் குடத்தோடு நிற்கும்போது, அவளைப் பார்த்து ரொம்ப அன்பாக, உன் தம்பிக்கு இப்போது பரவாயில்லையாமே, மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லு என்றார். அந்தப் பெண் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மாதம் முடிவதற்குள் காலி செய்துகொண்டு போனார்கள். அத்தைக்கு ஏன் என்றே விளங்கவில்லை. நான் என்ன இல்லாததையா சொன்னேன் என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. ஜாதகம் பொருந்தி, பெண்ணையும் பிடித்துப்போன பிறகு, அந்தக் குடும்பத்தில் தலைமுறையில் யாருக்காவது கோளாறு இருந்ததா என்று நைசாகக் கேட்டு வருவார்கள். அத்தையின் வேலை தெரிந்தவர்கள் நேராக அவரிடமே வந்துவிடுவார்கள், கையில் ஆப்பிளோ ஹார்லிக்ஸோ இருக்கும். வாங்கி வந்ததை அத்தை தொடவே மாட்டார், பதில் மட்டும் சொல்லி அனுப்புவார். லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எங்கள் அப்பா ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டியிருப்பார்.

என் அம்மா எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே தவறிவிட்டார். என்னை வளர்த்தது அக்கா. அவளுக்கு இருபத்தைந்து வயதில் திருவேற்காட்டிலிருந்து ஒரு வரன் வந்தது, மாப்பிள்ளைக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. அதற்கு முன்னால் நான்கைந்து பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இவருக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது, அதை அவள் வாயால் சொல்லவில்லை, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கிளிப்பச்சையில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா வழக்கப்படி விசாரிக்க எதிர் வீட்டுக்குப் போனார்.

எங்கள் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, அப்பா சிறுவனாக இருக்கும்போதே செம்பரம்பாக்கம் ஏரியில் விழுந்து செத்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தது. நாங்கள் அதற்கு மேல் கேட்டதில்லை. அத்தைக்கு அதில் ஒரு சந்தேகம் பல வருஷமாகவே இருந்திருக்கிறது. ஆடி அமாவாசையன்று அப்பன் இல்லாத ஆண்கள் எல்லோரும் பட்டினி கிடந்து எள்ளும் தண்ணீரும் விட்டு, படையல் போட்டு, காக்காய்க்கு வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். அப்பன் உயிரோடு இருக்கிறவன் அதைச் செய்யக் கூடாது, செய்தால் அப்பனைக் கொல்வதற்குச் சமம். எங்கள் அப்பா அன்று காலை ஏழு மணிக்கு எப்போதும் போல நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அப்பாவுக்குச் சாமி நம்பிக்கை குறைவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் எங்கள் அம்மாவின் திதியை மட்டும் ஒரு வருஷம் விடாமல் செய்தார். அதை அத்தை எதிர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து கேட்டதும் தேடக் கிளம்பிவிட்டார். முதலில் தாலுகா ஆபீஸ். சுதந்திரம் வந்த பிறகு எடுத்த முதல் கணக்கெடுப்பை வைத்து ஊர் ஊராகக் கையால் எழுதிய பதிவேடுகள் அங்கே ஒரு அறையில் கிடந்தன. அறையைப் பார்த்துக்கொண்டவர் இவருக்குத் தெரிந்தவர். அப்பாவின் சொந்த ஊருக்கான ஏட்டில் எங்கள் வீடு ஒரு வரியில் இருந்தது. குடும்பத் தலைவி என்று அப்பாவின் அம்மா பேர், அதற்குக் கீழே மகன் என்று அப்பா. வேறு யாரும் இல்லை. ஆனால் தலைவியின் பேருக்கு நேரே விதவை என்று எழுதவில்லை, மணமானவர் என்று எழுதியிருந்தது. ஏரியில் விழுந்து செத்தவரின் பெண்டாட்டி எப்படி மணமானவர் என்பதுதான் அத்தையின் கேள்வி.

அப்புறம் தன் ஆஸ்பத்திரி ஏடுகளுக்கு வந்தார். அந்த வருஷங்களில் பூந்தமல்லி ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்தவர்களை மட்டும் பிரித்தார். பேரைப் பார்க்கவில்லை, அடையாளத்தைப் பார்த்தார். இடது கையில் ஆறு விரல் என்று ஒருவர் இருந்தார். எங்கள் அப்பாவுக்கு இடது கைச் சுண்டுவிரல் பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மேடு உண்டு, ஆறாவது விரலைக் குழந்தையிலேயே வெட்டி எடுத்த இடம். அத்தை அதைப் பார்க்காமல் விட்டிருப்பாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் உள்ளே இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தோம். அத்தை குரலைத் தாழ்த்தவெல்லாம் இல்லை.

"தம்பி, உங்கப்பா உசுரோட கீறாரு."

"தெரியும்கா" என்றார் அப்பா.

மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அக்கா மட்டும் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

அத்தை துண்டுச் சீட்டைப் பிரித்துப் படித்தார். தாத்தா பெங்களூர் ரோட்டில் கத்திக்கொண்டே நடந்து போனவர். மாஜிஸ்ட்ரேட் உத்தரவின் பேரில் சேர்த்திருக்கிறார்கள். நான்காம் வருஷமே சாதுவாகிவிட்டார், தோட்ட வேலை செய்கிறார், வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, வீட்டாருக்குக் கடிதம் போட்டது, பதில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, கடிதம் போட்டது, பதில் இல்லை. இப்படி ஒன்பது தடவை. ஒன்பதையும் அத்தை விடாமல் படித்தார். முதல் சிலது அப்பாவின் அம்மா பேருக்கு வந்தவை, மற்றதெல்லாம் அப்பா பேருக்கு. இரண்டு கடிதம் தன் கைக்கே வந்ததாகவும் அடுப்பில் போட்டுவிட்டதாகவும் அப்பா சொன்னார். அதைச் சொன்னபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

பிறகு அப்பா கெஞ்சினார். அவர் ஒருவரிடம் கெஞ்சி அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை. கல்யாணம் முடியட்டும், மறுநாளே நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றார். அத்தை சீட்டை மடித்துக்கொண்டார்.

"கேக்காதவங்ககிட்ட நானா போய்ச் சொல்ல மாட்டேன் தம்பி. அந்தம்மா கேட்டுட்டாங்க. எழுதி வச்சது கீது, அத்த இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தாத்தா நன்றாகத்தான் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போக ஆள் வராததால்தான் அங்கே கிடக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னாராம். முதல் பாதியிலேயே மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். நட்சத்திரம் சரியில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அக்கா எதிர் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், இதில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று. எனக்கு என்ன கிடைக்கணும், இருக்கிறவர் இருக்கிறார் என்றாராம் அத்தை. அக்கா திரும்பி வந்து அந்தக் கிளிப்பச்சை ஜாக்கெட்டைப் பிரித்து என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லையே, இப்போதாவது போய்ப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அப்பா போகவில்லை. நானும் போகவில்லை. பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரே பஸ்தான், கையில் பாஸும் இருந்தது. அவரால்தானே அக்காவுக்கு இப்படி ஆயிற்று என்று, பார்த்தே இராத ஒரு கிழவர் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எங்கள் குடும்பத்திலிருந்து யாரும் போகாத அந்த வார்டுக்கு அத்தைதான் போய் வந்துகொண்டிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் தாத்தா இறந்த தேதியும் நேரமும் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் முடித்துவிட்டார்கள், நான் கூட இருந்தேன் என்றார்.

"இனிமே அமாவாசைக்கு நீ ஒரு பொழுது இருக்கலாம் தம்பி."

குத்திக்காட்டுகிறார் என்று நான் அன்று கொதித்தேன். இப்போது யோசித்தால் அவர் குத்திக்காட்டவே இல்லை, விதியைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஆடியில் அப்பா இட்லி சாப்பிடவில்லை. அக்காவை நெமிலிச்சேரியில் இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். அவர் நல்ல மனுஷர்தான். அக்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை, அதுதான் எனக்கு ஆறாத குறை.

அத்தை ஓய்வு பெற்ற பிறகு அவர் பேத்திக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், விளையாட்டாக, உங்கள் குடும்பத்தில் யாராவது உண்டா பாட்டி என்று கேட்டிருக்கிறார்கள். உண்டே, என் கூடப் பிறந்தவன் அங்கேதான் செத்தான் என்று சொல்லி, வருஷத்தையும் வார்டையும் சொல்லிவிட்டார். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மகன் அன்று போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அத்தை வெளியே தென்படவில்லை. அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அதை நம்பாதவர்களில் நான் ஒருத்தி. எனக்கு அவரைத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர், எங்கள் தெருவே எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் வந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். வழக்கமாக அந்த வீட்டில் யார் தங்குகிறார்களோ அவர்கள் ஒருவரையும் விடக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை எதிர் வீட்டுக்குப் போனேன். மகன் நாற்காலி போட்டார். மூன்று பேர் என்றார், அவர், மனைவி, பெண். அத்தை எங்கே என்று கேட்டேன்.

"அம்மா என் தங்கச்சி ஊட்டுக்குப் போயிக்கிறாங்க டீச்சர். அங்கயே எழுதிக்குவாங்க."

மகனுக்குத் தங்கையே கிடையாது. பிறந்ததிலிருந்து எதிர் வீட்டில் இருக்கிறவளிடம் அதைச் சொல்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பின்னால் ஒரு அறை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பேச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"யாரு, கணக்கு எடுக்கறவங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் ஒன்றும் சொல்வதற்குள் நான்கையும் சொன்னார், தன் பேர், தன் அப்பா பேர், ஊர், உடம்பில் இருக்கிற வடு. எழுதுகிறவருக்கு வசதியாக ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குரலில் எந்தக் கலக்கமும் இல்லை.

மகன் என் பேனாவையே பார்த்தார். மருமகள் குழாயைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், சுவரோடு ஒட்டி நின்றாள். அடுத்த வாரம் அவளைப் பார்க்க வேறு இடத்திலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். கிளிப்பச்சை ஜாக்கெட்தான் என் மனதில் இருந்தது. மூன்று சீட்டு எழுதினேன், நான்காவதை எடுக்கவே இல்லை. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, இதை நான் மறைக்கப்போவதில்லை.

மார்ச் முதல் வாரத்தில் மறுபடி எல்லா வீட்டுக்கும் போய் மாற்றம் உண்டா என்று கேட்க வேண்டும். விட்டுப்போனவர்களைச் சேர்ப்பதற்கென்றே அரசாங்கம் கொடுத்த சந்தர்ப்பம் அது. போனேன். மாற்றம் இல்லை என்றார் மகன். நான் மாற்றம் இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை பேசினார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"எதிர் ஊட்டுப் பொண்ணா? புருவத்துல மச்சம் இருக்கிறவ? அன்னிக்கி நான் சொன்னத எழுதிக்கினியாம்மா?"

மீதிச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவர் இறந்தார். இல்லாத அந்தத் தங்கை வீட்டில் இறந்துவிட்டதாக மகன் தெருவில் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். தேடுவதில் அவரைப் போல இன்னொருவர் எங்காவது இருந்து, ஒரு காலத்தில் அந்தக் கணக்கெடுப்பு ஏட்டைப் பிரித்துப் பார்த்தால், அந்த வீட்டில் மூன்று பேர்தான் இருப்பார்கள். இதில் நான் அவர் பேரை எங்கேயும் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். மறந்துவிடவில்லை. பேர், அப்பா பேர், ஊர், வடு, நான்கும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.